பின் போட்டது நீங்கதானே?

சென்ற வாரம் ஒரே வங்கியிடமிருந்து ஒரே நாளில் எனக்கு இரண்டு குறுஞ்செய்திகள். காலையில் வந்தது: தெரியாத இணைப்புகளைத் தொடாதீர்கள், விழிப்புடன் இருங்கள். மதியம் வந்தது: முன்அனுமதி பெற்ற தனிநபர் கடன் உங்களுக்காகக் காத்திருக்கிறது, பெற இங்கே தொடவும். அந்த 'இங்கே' ஒரு சுருக்கப்பட்ட இணைப்பு. நாலைந்து எழுத்து, இரண்டு எண், அவ்வளவுதான். அது வங்கி அனுப்பியதா, எங்கோ ஒரு வாடகை அறையில் உட்கார்ந்திருப்பவன் அனுப்பியதா என்று பதினோரு வருடமாக மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்கே பார்த்தவுடன் சொல்ல முடியாது. என் அம்மா என்ன செய்வார்? காலையில் செய்யாதே என்று சொன்னதையே மதியம் செய் என்று கூப்பிடுகிறவரிடமிருந்து அவர் எதைக் கற்றுக்கொள்வது?

என் சண்டை அந்தக் காலைச் செய்தியோடு. மதியம் வந்தது வெறும் வியாபாரம், அதில் ஒளிவுமறைவு இல்லை. காலையில் வந்ததில்தான் சூது இருக்கிறது.

விழிப்புணர்வு என்ற சொல் இப்போது எங்கே பார்த்தாலும் இருக்கிறது. பேருந்து நிலையப் பலகையில், வங்கி கொடுக்கும் காலண்டரில், கல்லூரிகளில் காவல்துறை நடத்தும் கருத்தரங்கில். கொஞ்ச நாள் யாருக்குப் போன் போட்டாலும் மணி அடிப்பதற்கு முன்னால் ஒரு குரல் வந்து எச்சரித்துக்கொண்டிருந்தது. விழிப்புணர்வே கூடாது என்று யார் சொல்வார்கள்? காசநோய்க்கும்தான் சுவரில் எழுதிப்போடுகிறார்கள். ஆனால் அங்கே அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக மாத்திரை கொடுத்துவிட்டுத்தான் சுவரில் எழுதுகிறார்கள். நம் வங்கித் தொழில்நுட்பத்தில் மாத்திரை கிடையாது, சுவரெழுத்து மட்டும்தான். பணம் போன பிறகு அந்தச் சுவரெழுத்தையே காட்டி, "அதான் சொன்னோமே" என்பார்கள். ஒரு செயலியின் திரையில் இருக்கும் கோளாறை, ஒரு கணக்கைத் திறக்க அனுமதித்த வங்கியின் அலட்சியத்தை, வாடிக்கையாளரின் கவனக்குறைவாக மாற்றி எழுதிக்கொடுக்கும் வேலையைத்தான் இந்தச் சொல் செய்துகொண்டிருக்கிறது. இதுதான் என் குற்றச்சாட்டு.

நாடாளுமன்றத்தில் அரசு சொன்ன கணக்கு ஒன்று: இணையவழி நிதி மோசடிகளில் 2023-ல் மக்கள் இழந்தது சுமார் 7,465 கோடி ரூபாய். 2024-ல் சுமார் 22,845 கோடி. மூன்று மடங்கு. இந்த ஒரு வருடத்தில் இந்தியர்களின் விழிப்புணர்வு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டதா என்ன? எச்சரிக்கைகள் கூடிக்கொண்டேதானே இருந்தன?

யுபிஐ-யைத் திட்ட நான் வரவில்லை. 2016-ல் தொடங்கிய ஒன்று 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைக் கையாண்டது. இந்த அளவுக்கு ஒரு அமைப்பைக் கட்டி, பெரும்பாலும் விழாமல் ஓட்டுவது எவ்வளவு பெரிய வேலை என்பது தொழில் தெரிந்தவனுக்குத் தெரியும். டீக்கடைக்காரரும் கீரைக்காரம்மாவும் சில்லறைத் தகராறு இல்லாமல் வியாபாரம் செய்கிறார்கள். சும்மா சொல்லக் கூடாது, இது பெரிய சாதனைதான். அதனால்தான் அதன் ஒரு சின்ன அம்சத்தை எடுத்துக்கொண்டு பேச விரும்புகிறேன்.

யுபிஐ-யில் பணம் இரண்டு விதமாக நகரும். நான் உங்களுக்குத் தள்ளலாம், அல்லது நீங்கள் என்னிடமிருந்து இழுக்கலாம். இழுப்பதற்கு நீங்கள் ஒரு கோரிக்கை அனுப்புவீர்கள், நான் அதை ஏற்று பின் போட்டால் பணம் உங்களுக்கு வரும். இதற்கு கலெக்ட் ரிக்வெஸ்ட் என்று பெயர். நண்பர்கள் ஹோட்டல் பில்லைப் பிரித்துக்கொள்ள வசதி என்றார்கள். காகிதத்தில் பார்த்தால் குற்றம் சொல்ல எதுவும் இல்லை, பின் போடாமல் ஒரு பைசா நகராது.

2018-ல் எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருந்த அக்கா ஒருவர் பழைய தையல் மிஷினை இணையத்தில் விற்பனைக்குப் போட்டார். 6,500 ரூபாய். ராணுவத்தில் இருக்கிறேன் என்று உடைந்த தமிழில் ஒருவன் பேசினான். பேரம்கூடப் பேசவில்லை. "பணம் அனுப்பிட்டேன், உங்க போன்ல வந்திருக்கும், பின் போட்டு எடுத்துக்கோங்க." திரையில் 6,500 என்று வந்தது. பின் போட்டார். பணம் போனது. "ஐயோ, தப்பா போயிடுச்சு, திருப்பி அனுப்புறேன்" என்றான். இன்னொரு 6,500 வந்தது. மறுபடி பின் போட்டார்.

அவரோடு வங்கிக்குப் போனேன். மேனேஜர் நல்ல மனிதர், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பின் போட்டது நீங்கதானே?"

"ஆமா சார்."

"அப்ப நாங்க என்னம்மா பண்ண முடியும்?" தலைக்குப் பின்னால் இருந்த போஸ்டரைக் காட்டினார். பணம் பெறுவதற்கு பின் தேவையில்லை என்று அதில் எழுதியிருந்தது.

அக்கா அதைப் படித்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "ஏடிஎம்ல பணம் எடுக்கணும்னா பின் போடணும்னு நீங்கதானே சார் சொல்லிக் கொடுத்தீங்க? அங்க பின் போட்டா கைக்குப் பணம் வருது. இதுல மட்டும் ஏன் போகுது?"

மேனேஜரிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. பொறியியல் கல்லூரியில் நான்கு வருடம் படித்து, கோட் ரிவ்யூக்களில் மணிக்கணக்கில் சண்டை போட்டு, இந்தக் கேள்வி எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. ஏடிஎம் வந்த நாளிலிருந்து வங்கிகள் ஒரு நாடு முழுக்கப் பழக்கிய கைப்பழக்கம் அது: நாலு எண்ணைப் போடு, நோட்டு வரும். அதே பெயர், அதே மாதிரி எண்கள், அதே மாதிரி கட்டங்கள். இப்போது அதன் பொருளைத் தலைகீழாக மாற்றிவிட்டு, மாறியதை ஒரு போஸ்டரில் எழுதி ஒட்டிவிட்டார்கள். அந்த மோசடிக்காரன் எந்த மென்பொருளையும் உடைக்கவில்லை. வங்கி சொல்லிக்கொடுத்த பாடத்தை வங்கியைவிட நன்றாக ஞாபகம் வைத்திருந்தான், அவ்வளவுதான்.

அதன் பிறகு எத்தனை வருடம் அந்த போஸ்டர் ஒட்டப்பட்டது! கடைசியில் 2025 ஜூலையில் தேசியக் கொடுப்பனவுக் கழகம், அதாவது என்பிசிஐ, ஒரு சுற்றறிக்கை விட்டது. அக்டோபர் 1 முதல் தனிநபருக்குத் தனிநபர் கலெக்ட் ரிக்வெஸ்ட் கிடையாது. இனி அந்த வழியில் யாரும் ஏமாற வாய்ப்பில்லை, விழிப்புணர்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும். அந்த வசதி போனதால் ஹோட்டல் பில்லைப் பிரிக்க முடியாமல் நட்பு முறிந்ததாக எங்கும் செய்தி வரவில்லை. ஒரு சுற்றறிக்கையில் முடிகிற காரியத்துக்கு ஒன்பது வருடம் மக்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறார்கள்.

இதே 2025-ல்தான் இன்னொன்றும் வந்தது. பணம் அனுப்பும் திரையில், பெறுபவரின் வங்கிக் கணக்கில் பதிவாகியிருக்கும் பெயரைத்தான் காட்ட வேண்டும், செயலியில் அவராக வைத்துக்கொண்ட பெயரையோ உங்கள் தொடர்புப் பட்டியலில் இருக்கும் பெயரையோ காட்டக் கூடாது என்று ஜூன் 30-க்குள் மாற்றச் சொன்னார்கள். யாருக்குப் பணம் போகிறது என்பதைத் திரையில் உண்மையாகக் காட்டுவது ஒன்பதாவது வருடத்தில் வந்த மேம்பாடு.

ஏன் இவ்வளவு தாமதம் என்பதற்குச் சதிக் கோட்பாடு எதுவும் தேவையில்லை. நான் நான்கு வருடம் ஒரு பணப் பரிமாற்றச் செயலியின் கணக்குச் சரிபார்ப்புப் பிரிவில் வேலை பார்த்தேன். நிறுவனத்தின் பெயர் முக்கியமில்லை, எங்கும் இதே கதைதான். ஒரு முறை, முதன்முதலாகப் பணம் அனுப்பும் ஒருவருக்குப் பெரிய தொகை அனுப்பினால் நடுவில் ஒரு எச்சரிக்கைத் திரை காட்டலாம் என்று யோசனை வந்தது. சோதனை ஓட்டம் நடந்தது. எச்சரிக்கையைப் பார்த்தவர்களில் ஒரு பகுதியினர் திரும்பிப் போய்விட்டார்கள். அந்தத் திரை அதற்காகத்தானே? ஆனால் வாராந்திரக் கூட்டத்தில் அது 'டிராப்-ஆஃப்' என்று சிவப்பு நிறத்தில் வந்தது. எச்சரிக்கையைப் பார்த்து நின்றவரும், நெட் இல்லாமல் நின்றவரும் எங்கள் அட்டவணையில் ஒரே வரிசை. மோசடியிலிருந்து தப்பியவரை எண்ணுவதற்கு எங்களிடம் ஒரு கட்டமே கிடையாது. இரண்டு வாரத்தில் அந்தத் திரை சாம்பல் நிறத்தில் ஒற்றை வரியாகச் சுருங்கியது. அந்த அறையில் கெட்டவர்கள் யாரும் இல்லை. நட்டம் அந்த அறைக்குள் வரவே இல்லை, அதுதான் விஷயம். அது வேறு யாரோ ஒருவருடைய பாஸ்புக்கில் பதிவாகிக்கொண்டிருந்தது.

எங்கள் தொழிலில் 'ஃப்ரிக்‌ஷன்' என்பது கெட்ட வார்த்தை. உராய்வு. ஒரு தட்டல் கூடினால் வாடிக்கையாளர் போய்விடுவார் என்று பயம். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வங்கிகளுக்கு உராய்வே பிடிக்காது என்று யாராவது சொன்னால், கணக்கை மூடப் போய்ப் பாருங்கள். எழுத்துபூர்வமான விண்ணப்பம், நேரில் கிளைக்கு வருகை, காசோலைப் புத்தகம் ஒப்படைப்பு, "ஏன் சார் மூடுறீங்க?" என்ற பத்து நிமிட உரையாடல். கிரெடிட் கார்டை ரத்து செய்யப் போன் போட்டால் நான்கு பேரிடம் மாற்றிவிடுவார்கள். இறந்துபோன அப்பாவின் கணக்கிலிருந்து பணம் எடுக்க அலைந்த குடும்பங்களைக் கேளுங்கள். உரியவரிடம் போகாமல் ரிசர்வ் வங்கியின் நிதியத்துக்கு மாற்றப்பட்டுக் கிடக்கும் பணம் 2024 மார்ச் முடிவில் 78,213 கோடி ரூபாய். அங்கெல்லாம் உராய்வு தாராளமாக இருக்கிறது. ஆனால் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர், சிபிஐ அதிகாரி என்று சொல்லும் ஒருவனோடு வீடியோ அழைப்பில் மூன்று மணி நேரமாக நடுங்கிக்கொண்டே, பதினைந்து வருடச் சேமிப்பான எஃப்டி-யைச் செயலியிலேயே உடைத்து, வாழ்நாளில் ஒரு தடவைகூடப் பணம் அனுப்பியிராத ஒரு கணக்குக்கு மொத்தமாக அனுப்பினால், அங்கே மட்டும் எல்லாம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். 'டிஜிட்டல் கைது' என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அதில் போன பணத்தில் ஒரு பகுதி இந்த வழுக்கலில் போனதுதான்.

தொழில்நுட்பத்தால் முடியாது என்பார்கள். முடியாதா? உங்கள் கணக்கில் இருப்பு குறைந்தபட்சத் தொகைக்கு நூறு ரூபாய் கீழே போனால் கணினி கண்டுபிடித்து அபராதம் பிடித்துவிடுகிறது. 2019-20 தொடங்கி ஐந்து நிதியாண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் இப்படிப் பிடித்தது ஏறத்தாழ 8,500 கோடி ரூபாய். (2025-ல் பல பொதுத்துறை வங்கிகள் இந்த அபராதத்தைக் கைவிட்டன, நல்லது.) ஏழையின் கணக்கில் நூறு ரூபாய் குறைவதைப் பார்க்கிற அதே கணினிக்கு, பத்து நாள் முன்பு திறந்த ஒரு கணக்கில் பல ஊர்களிலிருந்து லட்சம் லட்சமாக வந்து அரை மணி நேரத்தில் காலியாவது மட்டும் கண்ணில் படாதா? படும். இப்படிப்பட்ட வாடகைக் கணக்குகளைக் கண்டுபிடிக்க ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையமே மியூல்ஹன்டர் என்று ஒரு கருவியைச் செய்து வைத்திருக்கிறது. கருவி உண்டு. பார்க்காமல் விட்டால் வங்கிக்கு என்ன நட்டம் என்பதற்குத்தான் பதில் இல்லை.

இந்தச் சண்டை புதிதும் இல்லை. 1980-ல் நியூயார்க்கில் டோரதி ஜட் என்ற பெண், தன் கணக்கிலிருந்து ஏடிஎம் வழியாகப் பணம் எடுத்தது நான் இல்லை என்று சிட்டிபேங்க் மீது வழக்குப் போட்டார். பணம் எடுக்கப்பட்ட நேரத்தில் வேலையில் இருந்ததாக வேலை பார்த்த இடத்திலிருந்து கடிதம் கொண்டுவந்தார். வங்கி தன் கணினி அச்சைக் காட்டியது. எங்கள் இயந்திரம் தப்பு செய்யாது, கார்டும் பின்னும் இல்லாமல் பணம் வராது, ஆகவே எடுத்தது இவர்தான். நீதிபதி அதை ஏற்கவில்லை. இயந்திரம் தப்பே செய்யாது என்று எடுத்துக்கொண்டால் ஒரு தனி மனுஷி எதை வைத்துத்தான் மறுக்க முடியும் என்பது தீர்ப்பின் சாரம். அதன் பிறகு அமெரிக்காவில், வாடிக்கையாளர் மறுத்தால் அவர் பொய் சொல்கிறார் என்று வங்கி நிரூபிக்க வேண்டும், இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற வழக்கம் உறுதிப்பட்டது.

பிரிட்டனில் தலைகீழ். கேம்பிரிட்ஜ்ஷயரில் ஜான் மண்டன் என்று ஒரு போலீஸ்காரர். 1992-ல் விடுமுறைக்கு கிரீஸ் போய்வந்து பார்த்தால் கணக்கில் 460 பவுண்டு குறைந்திருந்தது. தான் எடுக்காத ஆறு பரிவர்த்தனைகள். ஹாலிஃபாக்ஸ் நிறுவனத்திடம் புகார் சொன்னார். எங்கள் அமைப்பு பாதுகாப்பானது, ஆகவே நீ பொய்யன் என்றார்கள். புகார் கொடுத்ததற்காக அவர் மீதே மோசடி முயற்சி வழக்கு, 1994-ல் தண்டனை. மேல்முறையீட்டில், எதிர்த்தரப்பு நிபுணர் தன் கணினியைப் பார்வையிட அந்த நிறுவனம் சம்மதிக்கவில்லை. 1996-ல்தான் அவர் விடுபட்டார். நினைத்துப் பாருங்கள், அவர் போலீஸ்காரர். தையல் கடை அக்காவாக இருந்தால்?

மண்டனுக்காகச் சாட்சி சொன்ன ராஸ் ஆண்டர்சன் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணினிப் பாதுகாப்புப் பேராசிரியர், 2024-ல் இறந்துபோனார். இந்த இரண்டு நாடுகளையும் ஒப்பிட்டு அவர் சொன்ன விஷயம் ஒவ்வொரு கணினி மாணவருக்கும் முதல் வருடத்திலேயே சொல்லித்தரப்பட வேண்டியது. பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடிந்த பிரிட்டிஷ் வங்கிகள்தான் பாதுகாப்புக்கு அதிகம் செலவு செய்தன, அவர்களிடம்தான் மோசடியும் அதிகம். ஏனென்றால் புகார் எல்லாவற்றையும் பொய் என்று ஒதுக்கிவிடுகிற நிறுவனத்துக்கு ஓட்டை எங்கே இருக்கிறது என்பதே தெரியாமல் போகிறது. நட்டத்தைச் சுமக்கிறவன்தான் ஓட்டையைத் தேடுவான்.

நம் ஊரில் சட்டமே இல்லையா? இருக்கிறது, மோசமான சட்டமும் இல்லை. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியின் தவறு என்றால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே கிடையாது. இருவர் தவறும் இல்லாமல் மூன்றாவது ஆளால் நடந்தது என்றால், மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் பொறுப்பு கிடையாது. நிரூபிக்கும் சுமை வங்கியுடையது. புகார் வந்து பத்து வேலை நாளுக்குள் அந்தத் தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். உங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஓடிபியைச் சொல்லாதே என்று வாரம் ஒரு முறை செய்தி அனுப்பும் வங்கி, இந்த உரிமையைச் சொல்லி எனக்கு ஒரே ஒரு செய்திகூட அனுப்பியதில்லை. அந்த விழிப்புணர்வு மட்டும் நமக்கு வேண்டாம் போல.

ஓட்டை அதே சுற்றறிக்கையின் அடுத்த வரியில் இருக்கிறது. வாடிக்கையாளரின் அலட்சியத்தால் போனால், உதாரணமாக ரகசிய எண்ணைப் பகிர்ந்திருந்தால், புகார் செய்யும்வரை போனதெல்லாம் அவர் தலையில். இந்த ஒரு வரிக்குள் எல்லா மோசடியையும் தள்ளிவிடலாம். பின் போட்டது நீங்கதானே? முடிந்தது கதை.

பின்னே இல்லாத இடத்திலும் இதே கதைதான். ஆதார் வழிப் பணப் பரிமாற்றத்தில் ஆதார் எண், வங்கியின் பெயர், கைரேகை, இந்த மூன்றும் போதும். ஓடிபி கிடையாது. நூறு நாள் வேலைச் சம்பளம் எடுக்கும் கிராமத்துப் பெண்களுக்காக வந்த நல்ல ஏற்பாடு. ஹைதராபாத் பக்கம் பிடிபட்ட கும்பல்கள், பத்திரப் பதிவுத் துறையின் இணையதளத்தில் கிடந்த ஆவணங்களிலிருந்து கைரேகையை எடுத்துப் போலி ரேகை செய்து பணம் எடுத்திருந்தன. இதில் பறிகொடுத்தவர் செய்த தவறு என்ன? நிலம் வாங்கியது. அல்லது கை வைத்திருந்தது. அவருக்கும் ஆலோசனை தயாராக இருந்தது: ஆதார் செயலியை இறக்கி உங்கள் பயோமெட்ரிக்கைப் பூட்டி வையுங்கள், விழிப்புடன் இருங்கள். கைரேகை வைத்துப் பணம் எடுக்கிற கடைக்கு வருகிற அம்மா, செயலிக்குள் போய் ரேகையைப் பூட்டி, சம்பளம் வரும் நாளில் திறந்து, மறுபடி பூட்ட வேண்டுமாம்.

வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்குத் தூரத்தில் தேட வேண்டாம். சிங்கப்பூரில் 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் போலிக் குறுஞ்செய்திகள் போயின. உண்மையான வங்கிச் செய்திகள் வருகிற அதே வரிசையிலேயே வந்து விழுந்தன. ஏறத்தாழ 790 பேர், 1.37 கோடி சிங்கப்பூர் டாலர். தொட்டவர்களில் படித்தவர்களும் இளைஞர்களும் இருந்தார்கள். வங்கி முழுப் பணத்தையும் திருப்பித் தந்தது. 2022 ஜனவரியில் அங்குள்ள நிதி ஆணையமும் வங்கிகள் சங்கமும் சேர்ந்து முடிவெடுத்தன. வங்கிகள் வாடிக்கையாளருக்கு அனுப்பும் குறுஞ்செய்தியில் தொடக்கூடிய இணைப்பே இருக்கக் கூடாது. புதுப் போனில் பாதுகாப்புக் குறியீட்டை நிறுவினால் அது இயங்க 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். வங்கி இணைப்பே அனுப்பாது என்றால், வருகிற இணைப்பெல்லாம் போலி. இந்த விதியை என் அம்மாவால் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும்.

பிரிட்டனோ, மண்டனைத் தண்டித்த அதே பிரிட்டன், 2024 அக்டோபர் 7 முதல் இன்னும் ஒரு படி மேலே போனது. ஏமாற்றப்பட்டுத் தானே பணத்தை அனுப்பியவருக்கும், உள்நாட்டுப் பரிமாற்றமாக இருந்தால், 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும். பாதியை அனுப்பிய வங்கியும், பாதியைப் பெற்ற வங்கியும் ஏற்க வேண்டும். முதலில் 4,15,000 பவுண்டு என்று சொல்லிவிட்டு, தொழில்துறை கத்தியதால் குறைத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த இரண்டாவது பாதிதான் முக்கியம். திருடனுக்குக் கணக்குத் திறந்து கொடுத்த வங்கி முதன்முறையாகக் காசு கொடுக்கிறது. இனி அந்தப் பத்து நாள் கணக்கு அவர்கள் கண்ணில் படும்.

இங்கே இதைச் சொன்னால் உடனே மூன்று பதில் வரும். ஒன்று, "பணம் திரும்பக் கிடைக்கும்னா ஜனங்க அலட்சியமா ஆயிடுவாங்க." மூன்று மணி நேரம் போலி நீதிபதி முன்னால் கைகட்டி நின்று அழுத பெரியவர், இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்ற தைரியத்தில் நின்றார் என்கிறீர்களா? அலட்சியம் என்பது வாடிக்கையாளருக்கு மட்டும் வருகிற வியாதி இல்லை. இரண்டு, பொய்ப் புகார் வரும். வரட்டும், விசாரியுங்கள். பிரிட்டனிலும் அப்பட்டமான அலட்சியத்துக்கு விலக்கு இருக்கிறது, முதல் 100 பவுண்டை வங்கி பிடித்துக்கொள்ளலாம். அடகுக்கடைக்காரர்கூடப் பொய் நகையை உரசிப் பார்த்துத்தான் தொழில் செய்கிறார்.

மூன்றாவது மட்டும் யோசிக்க வேண்டிய கேள்வி. 2020 ஜனவரியிலிருந்து யுபிஐ-யில் வியாபாரிகளிடம் கட்டணம் கிடையாது, வங்கிக்கு வருமானம் இல்லை, நட்டத்தை எங்கிருந்து கொடுப்பது? நியாயம்தான். அரசு தரும் ஊக்கத்தொகை செலவுக்குப் போதவில்லை என்று தொழில்துறை பல வருடமாகச் சொல்லிவருகிறது. அப்படியென்றால் பெரிய வியாபாரிகளிடம் சின்னக் கட்டணம் வாங்குங்கள், அதிலிருந்து ஒரு நிதியம் வையுங்கள், வெளிப்படையாகப் பேசுவோம். இப்போது இந்த இலவசத்துக்கான செலவை யார் கொடுக்கிறார்கள் தெரியுமா? ஏமாந்தவர்கள். நாம் எல்லோரும் இலவசமாக டீ குடிப்பதற்கு அந்தத் தையல் கடை அக்கா 13,000 ரூபாய் கட்டியிருக்கிறார்.

வேகம் குறைந்தால் புத்தாக்கம் செத்துவிடும் என்ற ஒப்பாரியை ஏற்கெனவே கேட்டிருக்கிறோம். ஆன்லைன் கார்டு பரிவர்த்தனைக்கு 2009-ல் இரண்டாவது சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியபோது கேட்டோம். தானாகப் பிடிக்கும் சந்தாக்களுக்கு ஒரு நாள் முன்பே தகவல் சொல்ல வேண்டும் என்று 2021 அக்டோபரில் வந்தபோது இன்னும் சத்தமாகக் கேட்டோம். இரண்டுக்குப் பிறகும் இந்திய மின்பரிமாற்றம் வளர்ந்துதான் இருக்கிறது. முதல் தடவை ஒருவருக்கு 2,000 ரூபாய்க்கு மேல் அனுப்பினால் நான்கு மணி நேர அவகாசம் வைக்கலாமா என்று 2023 இறுதியில் ஒரு பேச்சு அடிபட்டது. அப்போது அது நடைமுறைக்கு வரவில்லை. எல்லாவற்றுக்கும் நான்கு மணி நேரம் என்றால் நானும் எதிர்ப்பேன், ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவருக்கு அது கொடுமை. ஆனால் எஃப்டி உடைந்த அரை மணி நேரத்துக்குள், புதுக் கணக்குக்கு, அழைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே போகும் ஐந்து லட்சத்தை நிறுத்தி வைக்கும் கோடை எழுத எனக்குத் தெரிந்த எந்தக் குழுவுக்கும் ஒரு மாதம் போதும். எழுதச் சொல்ல ஆள் வேண்டும்.

2025 ஆகஸ்டில், வங்கித் துறையில் செயற்கை நுண்ணறிவைப் பொறுப்போடு பயன்படுத்துவது பற்றி ரிசர்வ் வங்கி அமைத்த குழு ஓர் அறிக்கை தந்தது. ஏழு சூத்திரங்கள். நம்பிக்கையே அடித்தளம், மக்களே முதன்மை, பொறுப்புடைமை என்று நல்லவையாகவே இருக்கின்றன. ஒன்று மட்டும் தொண்டையில் நிற்கிறது: கட்டுப்பாட்டைவிடப் புத்தாக்கம் மேல். மற்றவை சமமாக இருக்கும்பட்சத்தில் என்ற நிபந்தனையோடுதான் சொல்கிறார்கள், நியாயமாகவே படித்துப் பார்த்தேன். ஆனால் நட்டம் ஒரு பக்கமும் லாபம் இன்னொரு பக்கமும் விழுகிற இடத்தில் எது சமமாக இருக்கிறது?

அந்த அறிக்கை வந்த இரண்டு மாதத்தில், 2025 அக்டோபரில், யுபிஐ-யில் பின்னுக்குப் பதிலாகக் கைரேகையோ முகமோ காட்டினால் போதும் என்ற வசதி வந்தது. அதே வாரம் மும்பை மாநாட்டில், சாட்ஜிபிடியிடம் பேசியே பொருள் வாங்கிப் பணமும் கட்டிவிடும் சோதனை முயற்சியை அறிவித்தார்கள். மளிகைப் பட்டியலைச் சொன்னால் அதுவே தேர்ந்தெடுத்து, அதுவே செலுத்திவிடும். அது ஏமாந்து தவறான கடைக்குப் பணம் கட்டினால் யார் பொறுப்பு என்று 2017 சுற்றறிக்கையில் தேடிப் பார்த்தேன், அலட்சியம் பற்றிய அந்த வரிதான் இருக்கிறது. கிளை மேனேஜர் அடுத்து என்ன கேட்பார் என்று மட்டும் ஊகிக்க முடிகிறது. "முகத்தைக் காட்டுனது நீங்கதானே?" என்பார். அதற்கப்புறம், "அதுகிட்ட வாங்கிட்டு வான்னு சொன்னது நீங்கதானே?"